கிட்டத்துக்கா, தூரத்துக்கா

கண்புரை ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் டாக்டரிடம் என்னென்ன கேட்பார்கள் என்பது எனக்கு இப்போது மனப்பாடம். வலிக்குமா. எத்தனை நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. கறி தின்னலாமா. உள்ளே வைக்கிற லென்ஸ் எத்தனை வருஷம் உழைக்கும். புரை திரும்ப வருமா. லேசரில் செய்வீர்களா, கத்தியிலா. எல்லாவற்றுக்கும் அவர்களிடம் பதில் இருக்கிறது. சுவரில் அச்சடித்தும் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் டாக்டர் நம்மைக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அது சுவரில் இல்லை. அதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். நான் தப்பாகச் சொன்னேன். தெரியாமல் சொல்லியிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எனக்கு இருப்பது ஒரு கண்தான். இடது கண் ஏழு வயதில் கிட்டிப்புள் பட்டுப் போய்விட்டது. வலது கண்ணுக்கு அப்போதே கிட்டப்பார்வை. கரும்பலகையில் எழுதியது தெரியாது. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வராது. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவேன், அதற்கு அடி வாங்குவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். கண்ணாடி போட்டது கல்யாணத்துக்குப் பிறகு. சோடா பாட்டில் அடிப்பாகம் மாதிரி தடிமனான கண்ணாடி. ரோட்டில் நடக்க, பஸ் ஏற அது வேண்டும்.

ஆனால் அதே கண்ணுக்குக் கிட்டத்தில் ஒரு தெளிவு இருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு பொருளை மூக்குக்கு நேராகப் பிடித்தால், மற்றவர்கள் கண்ணில் படாததெல்லாம் எனக்குத் தெரியும். அந்தத் தெளிவை வைத்துத்தான் இருபத்தாறு வருஷம் பிழைத்தேன்.

நான் பட்டு நூல் இழுக்கிறவன். இண்டூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பாய் நடத்துகிற சின்ன ஆலை. பத்துத் தொட்டிகள். தொட்டியில் கொதிக்கிற தண்ணீர், அதில் பட்டுக்கூடுகள் மிதக்கும். பிசின் இளகியதும் கூட்டின் நுனியைக் கண்டுபிடித்து எடுக்க வேண்டும். ஒரு கூட்டிலிருந்து வருகிற இழை தலைமுடியைவிட மெல்லியது. அப்படி எட்டு இழை சேர்ந்தால் ஒரு நூல். மேலே ராட்டை சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கூடு தீர்ந்தாலும், ஒரு இழை அறுந்தாலும், அந்த இடத்தில் நூல் மெலிந்துவிடும். மெலிவதற்குள் அடுத்த கூட்டின் நுனியை எடுத்துப் போட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் அறுந்ததைப் பார்க்கிற கண் வேண்டும். நான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தொட்டியின் மேல் கவிழ்ந்துவிடுவேன். ஆவி முகத்தில் அடிக்கும். அது எனக்கு ஒன்றும் செய்யாது. பக்கத்துத் தொட்டிப் பெண்கள், அண்ணன் வேலை செய்யலடி, தொட்டியில மூஞ்சி கழுவறாரு என்று சிரிப்பார்கள். ஆனால் அவர்களுக்குச் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இந்த வேலையில் ஒரு குறை, நாற்றம். கூட்டுக்குள் புழு வெந்து கிடக்கும். அந்த வாடை துணியில், முடியில், நகத்தில் ஏறிவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஜன்னலைத் திறப்பார். என் மகளோடு படித்த பெண்கள் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுத மாட்டேன். அவளைப் பெண் பார்க்க பென்னாகரத்திலிருந்து வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் கேட்பதற்கு முன்பே என் மனைவி, எங்களுக்கு விவசாயங்க என்று சொல்லிவிட்டாள். முக்கால் ஏக்கர் மானாவாரி இருக்கிறது, மழை பெய்தால் கடலை போடுவோம். முழுப்பொய் இல்லை என்று நானும் தலையாட்டினேன். அன்று காலையில் சீயக்காய் போட்டு மூன்று தரம் குளித்திருந்தேன்.

சம்பந்தம் முடிவான சமயத்தில்தான் கண் மங்கியது. முதலில் ஆவி என்று நினைத்தேன். பிறகு விளக்கு என்று நினைத்தேன். இழைகள் புகைக்குள் ஓடுகிற மாதிரி தெரிந்தன. ஒருநாள் பாய் என் தொட்டிக்கு வந்து நூலைத் தடவிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள், தொட்டியை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றார்.

விஷயம் சம்மந்தி காதுக்குப் போனது. மாப்பிள்ளையின் அப்பா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணும் ஆபரேஷன் செய்துகொண்டவர், அதனால் பாதி டாக்டர் ஆகிவிட்டவர். கல்யாணத்துக்குள் உங்களுக்குக் கண் தெரிந்தாக வேண்டும் என்று சொல்லி, தருமபுரியில் தான் செய்துகொண்ட அதே ஆஸ்பத்திரிக்கு அவரே என்னை அழைத்துக்கொண்டு போனார். காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஜெராக்ஸ் எல்லாம் அவர் கையில் ஒரு ஃபைலில் இருந்தன. எனக்கு ரொம்ப ஒத்தாசையாக இருந்தது. நான் யாரிடமும் பேச வேண்டியதில்லை.

காத்திருக்கிற கூடத்தில் பெஞ்சு நிறைய ஆட்கள். உள்ளே போய் டாக்டரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் அங்கே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சம்மந்தி எல்லாருக்கும் பதில் சொன்னார். என் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் அவர் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"கண்ணை வெளிய எடுத்துக் கழுவித்தான் வெப்பாங்களாமே, நெசமாங்க?"

"ஆமாங்க" என்றார் சம்மந்தி. "கழுவறப்ப மாத்தி வெச்சுட்டாதான் வம்பு. அதோ அந்த ஆயா கண்ணு உங்களுக்கு வந்துரும். அப்பறம் வூட்டுக்குப் போயி உங்க சம்சாரத்த மருமவளப் பாக்கற மாதிரி மொறச்சுப் பாப்பீங்க."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பெரியவரும் சிரித்தார். பிறகு சம்மந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எடுக்க மாட்டார்கள், ஒரு அரிசி அளவுக்குத்தான் திறப்பார்கள், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்று நிதானமாக விளக்கினார். நல்ல மனிதர். அதையும் சொல்ல வேண்டும்.

உள்ளே ஒரு பெண் டாக்டர். என் மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். மெஷினில் தாடையை வைக்கச் சொல்லிக் கண்ணின் நீளத்தை அளந்தார்கள். பிறகு அவர் ஸ்டூலை இழுத்து எனக்கு நேராக உட்கார்ந்தார். சம்மந்தி ஃபைலோடு என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"மைனஸ் நம்பர் அதிகமா இருக்கு. கிட்ட பாக்கறதுக்கு இத்தன வருஷமா கண்ணாடியக் கழட்டிருவீங்க, இல்லீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"தூரத்துக்கு லென்ஸ் வெச்சா ரோடு, பஸ்ஸு எல்லாம் கண்ணாடி இல்லாமயே தெரியும். ஆனா வெறுங்கண்ணுல கிட்ட பாக்கறீங்களே, அது போயிடும். கிட்டத்துக்கு வெச்சா இப்ப இருக்கற மாதிரியே, தூரத்துக்குக் கண்ணாடி போட்டுக்கணும். உங்களுக்கு ஒரே கண்ணு. யோசிச்சுச் சொல்லுங்க. என்ன வேலை செய்றீங்க?"

அவர் சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்தது. படிக்காதவனுக்குப் புரியும்படி அவ்வளவு நன்றாகச் சொன்னார். நூல் இழுக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. பின்னால் சம்மந்தியின் மூச்சுச் சத்தம் கேட்டது.

"விவசாயங்க" என்றேன்.

"பூ கட்றது, தையல், இந்த மாதிரி கிட்ட வெச்சுப் பாக்கற வேலை ஏதாச்சும் உண்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சம்மந்தி முந்திக்கொண்டார். "இவரு எங்க மேடம் பூ கட்டப் போறாரு. காடு கழனிதான். கடலக்காட்டுல பன்னி வந்தா தூரத்துலயே தெரியோணும், அவ்வளவுதான்."

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். "நீங்க சொல்லுங்க ஐயா."

"தூரத்துக்கே வைங்க" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.

ஆபரேஷனுக்கு ஐந்து நாள் இருந்தது. மூன்றாவது நாள், கடைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாகத் தருமபுரிக்குப் பஸ் ஏறினேன். மாற்றிச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எனக்குக் கிட்ட வேலைங்க, கிட்டத்துக்கே வைங்க. ஆஸ்பத்திரி வாசலில் மேஜை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசை. என்ன விஷயங்க என்று சத்தமாகக் கேட்டாள். டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். எதுக்கு, என்னிடமே சொல்லுங்கள் என்றாள். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் எங்கேயோ பார்த்த முகமாகத் தெரிந்தார். தலைக்கு எத்தனை நாள் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று கேட்டேன். அவள் சுவரைக் காட்டினாள். படித்துப் பார்த்த மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

வரும்போது எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிட்டத்துக்குக் கண்ணாடி போட்டால் தீர்ந்தது. ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே இருக்கிறார்கள். ஆவியைப் பற்றி அப்போது ஞாபகமே வரவில்லை. இருபத்தாறு வருஷம் ஆவிக்குள் நின்றவனுக்கு அது வரவில்லை.

ஆபரேஷன் வலிக்கவில்லை. அதற்கு மட்டும் எல்லாரும் சொல்லும் பதில் சரி. மறுநாள் கட்டைப் பிரித்தபோது ஜன்னலுக்கு வெளியே பஸ்ஸின் போர்டை வெறுங்கண்ணால் படித்தேன். அதற்கு அப்பால் மலை தெரிந்தது, மலையில் பாறை தனியாகவும் மரம் தனியாகவும் தெரிந்தன. சம்மந்தி எதிரே வந்து நின்று, என் மூஞ்சி தெரியுதா என்றார். அவர் கன்னத்தில் அம்மைத் தழும்பு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். நான் என் உள்ளங்கையை மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து பார்த்தேன். மாவு பூசிய மாதிரி இருந்தது. ரேகை இல்லை. ஐம்பது வருஷம் பார்த்த என் கை.

கல்யாணம் நடந்தது. மணவறையில் தாலி கட்டியதை மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்துகூடப் பார்த்திருக்கலாம், அவ்வளவு தெளிவு. பந்தியில் இலையில் இருந்த முடியைப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் எடுத்துப் போட்டார்.

கல்யாணம் முடிந்து தொட்டிக்குத் திரும்பினேன். பாய் சொன்னபடியே தொட்டியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். அரை நிமிஷத்தில் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. துடைத்தேன். மறுபடியும் வெள்ளை. கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துப் பார்த்தேன், தண்ணீர்தான் தெரிந்தது. பின்னால் நகர்ந்து ஆவி படாத தூரத்தில் நின்று பார்த்தேன். கூடு உருளுவது தெரிகிறது, இழை தெரியவில்லை. ஒரு பெண் சோப்பைத் தடவித் துடைத்தால் ஆவி பிடிக்காது என்றாள். அதையும் செய்தேன். கால் மணி நேரம் தாங்கியது. அந்தக் கால் மணி நேரத்தில்கூடப் பழைய கண் பார்த்ததில் கால்வாசிதான் தெரிந்தது. ராட்டை யாருக்கும் காத்திருக்காது. விரலின் பழக்கத்தை நம்பி ஒரு வாரம் ஓட்டினேன்.

நூல் வாங்க கர்நாடகப் பக்கத்திலிருந்து ஒரு வியாபாரி வருவார். என் தொட்டி நூலை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்து, "தப்ப, சண்ண" என்று சொல்லி ஒதுக்கி வைத்தார். ஒரு இடம் தடிப்பு, ஒரு இடம் மெலிவு என்று அர்த்தம். இருபத்தாறு வருஷத்தில் என் நூலை யாரும் ஒதுக்கி வைத்ததில்லை.

பாய் என்னை வெளியே கூட்டிப் போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

"டாக்டர்கிட்ட இந்த வேலதான் செய்யறோம்னு சொல்லலீங்களா?"

"சொன்னேங்க பாய்" என்றேன்.

அவர் அந்த டாக்டரை வாய்க்கு வந்தபடி திட்டினார். ஏழை என்றால் ஏனோதானோ என்று செய்துவிடுகிறார்கள் என்றார். நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு எனக்கு நேராக உட்கார்ந்து, நீங்க சொல்லுங்க ஐயா என்று கேட்ட பெண்ணைத் திட்டுகிறார். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சோதனைக்குத் தனியாகப் போனேன். டாக்டர் சார்ட்டைக் காட்டினார், கடைசி வரி வரை படித்தேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அன்றைக்குச் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அன்றைக்கே சொல்லியிருந்தால் கிட்டத்துக்கு வைத்திருப்பேனே என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

லென்ஸை மாற்ற முடியுமா என்று கேட்டேன். ஒரே கண், திரும்பத் திறப்பது ஆபத்து என்றார். லேசர் என்று பேப்பரில் போடுகிறார்களே, அதில் சரிசெய்யலாமா என்றேன். புரை ஆபரேஷன் ஆனவர்களுக்குச் செய்கிற லேசர் வேறு, லென்ஸுக்குப் பின்னால் சவ்வு மங்கினால் அதைத் தட்டிவிடுவதற்கு என்றார். நம்பரை மாற்றுகிற லேசர் உண்டு, ஆனால் இருக்கிற ஒரு கண் நன்றாகத் தெரிகிறபோது தான் அதைத் தொடமாட்டேன் என்றார். எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். என் வாழ்க்கையில் ஒரு டாக்டரிடம் நான் அவ்வளவு கேள்வி கேட்டது அன்றுதான். கடைசியில் அவர் ஒன்று கேட்டார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றார். கூட வந்தவர் சம்மந்தி என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை.

ஆடிக்கு மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். டாக்டரிடம் விவசாயம் என்று சொன்னதை நான் வீட்டில் சொல்லியிருந்தேன், அவளுடைய அம்மா அதைச் சொல்லி அழுதிருக்கிறாள். மகள் என்னிடம் வந்து நின்றாள். கோபத்தில் குரல் உடைந்திருந்தது.

"நிச்சயம் பண்ணி போன்ல பேச ஆரம்பிச்ச மொத வாரமே, நீங்க நூல் இழுக்கறத அவருகிட்ட சொல்லிட்டேம்ப்பா. மாமாவுக்கும் அப்பவே தெரியும். அவங்க ஒண்ணும் நெனைக்கல."

அப்படியானால் ஆஸ்பத்திரியில் காடு கழனி என்று சொன்னபோது அவருக்குத் தெரியும். நான் விவசாயம் என்று சொல்லிவிட்டேன், டாக்டர் துருவுகிறார், என் மானம் போய்விடக் கூடாது என்று அந்த நல்ல மனிதர் குறுக்கே விழுந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறார். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் இன்றுவரை பேசிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்தால் கண் எப்படி இருக்கிறது சம்மந்தி என்று கேட்பார். மலை வரைக்கும் தெரியுதுங்க என்பேன். அவர் கண் அப்போது என் முகத்தில் நிற்காது. என் மனைவி உள்ளே காபி கலக்கிக்கொண்டிருப்பாள். அவள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அது நியாயமில்லை என்றும் தெரியும். அவள் சொன்னது பெண் பார்க்க வந்தவர்களிடம். டாக்டரிடம் சொன்னது நான்.

பாய் என்னை அனுப்பிவிடவில்லை. இப்போது எனக்கு வெளியே வேலை. நூல் இழுத்த பிறகு மிஞ்சுகிற வெந்த புழுக்களைக் கூடையில் வாரி, முற்றத்தில் தார்ப்பாயில் பரப்பிக் காய வைக்க வேண்டும். கோழித் தீவனத்துக்கு லாரியில் ஏற்றுவார்கள். காக்கை விரட்ட வேண்டும். ஆலையிலேயே அதிகம் நாறுகிற வேலை இதுதான். காக்கை எந்தக் கூரையில் எத்தனை உட்கார்ந்திருக்கிறது என்று இங்கிருந்தே சொல்வேன்.

என் தொட்டியில் இப்போது ஒரு தெலுங்குக்காரப் பெண் நிற்கிறாள். பக்கத்து ஊர்தான், புதிதாக வந்தவள், முப்பது வயது இருக்கும். போன வாரம் வாசலில் வந்து நின்று, "அண்ணா, செத்த வந்து பாருங்க, எட்டு இழை ஓடுதா, ஏழுதானான்னு தெரியல" என்று கூப்பிட்டாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். மற்ற ஒன்பது தொட்டிகளிலும் பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பழக்கத்தில் குனிந்துவிட்டேன். ஆவி முகத்தில் அடித்தது. கீழே வெள்ளையாக என்னவோ உருண்டுகொண்டிருந்தது. எட்டா, ஏழா, ஒன்றுமே இல்லையா என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு விநாடிதான் இருந்தது.

"எட்டுதாம்மா, சரியாத்தான் ஓடுது" என்றேன்.

சேர்ப்பதற்காக எடுத்து வைத்திருந்த அடுத்த கூட்டின் நுனியை அவள் தண்ணீரிலேயே விட்டுவிட்டாள்.